பெட்டியைத் தொடமாட்டோம்

இனிகோ அந்தக் கறுப்புப் பெட்டியைப் பற்றி மூன்று பேரிடம் மூன்று விதமாகச் சொல்லியிருந்தான். விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்ன அதிகாரியிடம் “கம்ப்யூட்டர் சார்” என்றான். மகன் ஜெனோவிடம் “கேம்லே, நீ கேட்டதுதான்” என்றான். மகள் டயானாவிடம் “படிக்கதுக்கும் ஆகும், விளையாடுததுக்கும் ஆகும்” என்றான். மனைவி மெட்டில்டாவிடம் எதுவும் சொல்லாமல், டிவிக்குக் கீழே வைத்துவிட்டு, “தூசி அடையாமப் பாத்துக்கோ” என்றான்.

சொன்னதில் எதுவும் பொய்யில்லை. அதுதான் மெட்டில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சாமான் வீட்டுக்குள் வந்தால் அது என்ன சாமான் என்று தெரிய வேண்டாமா? அம்மி என்றால் அம்மி, மிக்சி என்றால் மிக்சி. இதுவோ, கையில் பிடிக்கும் பொத்தான் பலகையை எடுத்தால் விளையாட்டு, கீபோர்டை மாட்டினால் கம்ப்யூட்டர். “ஒண்ணா இருந்துட்டுப் போனா என்னவாம்?” என்று அவள் கேட்டதற்கு, “இப்ப எல்லாம் இப்படித்தான் மெட்டி வருது” என்றான் இனிகோ. சரக்குக் கப்பலில் போசன் வேலை, மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி. ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். வீட்டிலிருக்கும் மூன்று மாதமும் இப்படி ஏதாவது கொண்டுவந்து வைத்துவிட்டு அவன் கப்பலேறிவிடுவான். அதோடு மல்லுக்கட்டுவது அவள் தலையெழுத்து.

இந்தத் தடவை கப்பலேறுவதற்கு முன்னால் அவன் இன்னொரு காரியமும் செய்தான். பிள்ளைகள் இல்லாத ஒரு மத்தியானம் அவளைப் பிடித்து டிவி முன்னால் உட்காரவைத்து ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தான். தோட்டம் போடுகிற விளையாட்டு. விதை போட வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், கோழிக்குத் தீனி வைக்க வேண்டும். மூன்று நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடிவிடும். ஒரு வாரம் தீனி வைக்காவிட்டால் கோழி ஓடிப்போய்விடும். “இதெல்லாம் ஒரு விளையாட்டா?” என்று முகத்தைச் சுளித்தவள்தான். அவன் கப்பலேறிய பத்தாவது நாள், அடுப்பில் இருந்த மீன் குழம்பு தீய்கிற வாசனை வந்தும் எழுந்திருக்காமல் கத்திரி நாற்று நட்டுக்கொண்டிருந்தாள்.

இது யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. ஏனென்றால் மெட்டில்டா ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பு எடுக்கிறவள். கேம் ஆடுகிற பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்து, நேரம் கடவுள் கொடுத்த கொடை என்று அரை மணி நேரம் பேசுகிறவள். அவள் தினமும் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, ஜெனோ கன்டெய்னர் யார்டிலும் டயானா கோச்சிங் வகுப்பிலும் இருக்கும் நேரம் பார்த்து, இனிகோவின் பெயரில் இருந்த கணக்கைத் திறந்து, கோழி வளர்த்தாள். கோழிகளுக்குக் கோயில் பாடல் குழுப் பெண்களின் பெயர்களை வைத்திருந்தாள். கொழுத்த கோழிக்குப் பெயர் ஷெர்லின். அந்தக் கணக்குக்கு ஒரு ரகசிய எண் உண்டு. அப்பாவின் கணக்கு, அப்பாவுக்கு மட்டும்தான் எண் தெரியும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் திருத்தவில்லை. “பிள்ளையள் பக்கத்துல இருக்கையில போன்ல தோட்டத்தப் பத்திப் பேசிராதீய” என்று புருஷனிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

எல்லாம் சாம்பல் புதன் வரைக்கும் ஒழுங்காகத்தான் போயிற்று.

அந்த வாரம் இனிகோவின் கப்பல் செங்கடலில் துறைமுகம் துறைமுகமாகச் சரக்கு இறக்கிக்கொண்டு ஒன்றரை மாதம் கிடக்கப்போவதாகச் செய்தி வந்தது. அந்தப் பக்கம் கப்பல்கள் மேல் என்னென்னவோ பறந்துவந்து விழுவதை மெட்டில்டா டிவியில் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் புதனோடு தபசுக்காலம் தொடங்குகிறது; பாஸ்கா, அதாவது ஈஸ்டர், வரைக்கும் ஆளுக்கு எதையாவது விட்டு ஒறுத்தல் செய்வார்கள். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு மாதா முன்னால் முழங்காலிட்டாள். நேர்ந்தால் மனசுக்குப் பிரியமானதைத்தான் நேர வேண்டும். வலிக்காத ஒறுத்தல் ஒறுத்தலே இல்லை என்று வகுப்பில் அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எது வலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்ல வாயைத் திறந்தபோதுதான் பக்கத்தில் பாடல் குழு ஷெர்லின் முழங்காலிட்டிருப்பதைக் கவனித்தாள். மெட்டில்டாவுக்கு மனசுக்குள் ஜெபம் பண்ண வராது, வாய்விட்டுச் சொல்லித்தான் பழக்கம். ‘என் தோட்டத்தைத் தொடமாட்டேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், “மாதாவே, அவுக நல்லபடியாத் தாண்டி வரணும். பாஸ்கா வரைக்கும் எங்க வீட்டுல அந்தக் கேம் பெட்டியை யாரும் தொடமாட்டோம்” என்று சொல்லிவிட்டாள்.

ஷெர்லின் திரும்பிப் பார்த்து, “பிள்ளையளுக்கு நல்ல ஒறுத்தல் டீச்சர்” என்றாள். மாதாவிடமே ஒளித்துப் பேசிவிட்டோம் என்று அப்போதே மெட்டில்டாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

வீட்டுக்கு வந்து, கோயிலில் தபசுக்குச் சுரூபச் சிலைகளை மூடுகிற மாதிரி, பாடல் குழுவுக்குச் சட்டை தைத்ததில் மிஞ்சிய ஊதாத் துணியால் பெட்டியைச் சுற்றித் தைத்தே போட்டுவிட்டாள். ஜெனோ குதித்தான்.

“நேர்ந்தா உங்க முடிய நேருங்க. எம் பெட்டிய எதுக்கு நேருதீய?”

“ஏலே, அப்பா உசுருல.”

“எம்மா, அது கேம் மட்டும் கெடையாது. கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர யாராச்சும் தபசுக்கு மூடுவாங்களா?”

“என்னத்தக் கம்ப்யூட்டர்? பொழுதனைக்கும் நீ அதுல பந்து உதைச்சதத்தான் நான் பாத்திருக்கேன். கேம் கேம்தான்.”

அன்றைக்கு அவள் அடித்துச் சொன்ன அந்த ஒரு வார்த்தை ஐந்து வாரம் கழித்து அவள் தலைமேலேயே வந்து விழுந்தது.

பாஸ்காவுக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை டயானாவின் லேப்டாப் செத்துப்போயிற்று. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்குப் பரீட்சை. ஒரு கப்பல் கம்பெனி டெக் கேடட், அதாவது பயிற்சிக் கப்பல் அதிகாரி, வேலைக்கு ஆளெடுக்கிற பரீட்சை. வருடத்துக்கு ஒருமுறைதான். பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் இதற்காகவே வீட்டில் இருந்து படித்தவள் டயானா. அடுத்த வருடம் வயசு தாண்டிவிடும். அப்பா மேல்தளத்தில் கயிறு இழுக்கிறார், நான் பிரிட்ஜில் நின்று கப்பலை ஓட்டுவேன் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள். பரீட்சையை வீட்டிலிருந்தே எழுத வேண்டும், அறையில் தனியாக இருக்க வேண்டும், கேமரா வேண்டும், கம்ப்யூட்டராக இருக்க வேண்டும், போன் ஆகாது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் பின்னால் ஒரு ஆள் நடந்துபோனாலே ஆளை வெளியேற்றிவிடுவார்கள்.

மெட்டில்டா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தாணுலிங்கம் அண்ணாச்சியிடம் ஓடினாள். அவர் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“உப்புக் காத்து டீச்சர். போர்டு பூரா பச்சை பூத்துப்போச்சு. சாமான் சென்னையிலருந்து வரணும். பத்து நாளாகும்.”

“செவ்வாக்கிழமை பரீட்சை அண்ணாச்சி. வாடகைக்கு ஒண்ணு தாங்களேன்.”

“எங்கிட்ட இருக்க எதுலயும் கேமரா கெடையாது. எதுக்கு வாடகை? உங்க வீட்டுல அந்தப் பெட்டி இருக்குல்லா? உங்க வீட்டுக்காரவுக எங்கிட்டதான் அதுக்குக் கீபோர்டும் கேமராவும் வாங்கிட்டுப் போனாவ. எங் கடையில உள்ள எல்லாத்தையும் விட அது நல்ல கம்ப்யூட்டரு.”

“அது கேம் அண்ணாச்சி.”

“வேட்டி கட்டுனா என்ன, பேன்ட் போட்டா என்ன டீச்சர்? ஆளு ஒருத்தன்தானே.”

அவள் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜெனோ தன்னோடு வேலை பார்க்கும் சிவப்பிரகாஷின் லேப்டாப்பை வாங்கிவந்தான். பரீட்சை மென்பொருள் அதைப் பார்த்ததுமே, இது பழைய மாடல், செல்லாது என்று சொல்லிவிட்டது. பிறகு டயானா கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பெட்டியைப் பற்றிக் கேட்டாள்.

“உங்களோடது கேம் கன்சோலா, பிசியா மேடம்?” என்றாள் அந்தப் பக்கத்துப் பெண்.

“ரெண்டும்.”

“ரெண்டும்னு எங்க லிஸ்ட்ல இல்ல மேடம். கன்சோல்னா அனுமதி இல்ல. பிசின்னா எழுதலாம்.”

“கன்சோலாத் தொறந்தா கன்சோல், பிசியாத் தொறந்தா பிசி.”

கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டார்கள். திரும்பிவந்து, “அப்ப பிசியாத் தொறந்து எழுதுங்க மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?” என்றாள். மெட்டில்டா போனைப் பிடுங்கிக் கேட்க நினைத்த உதவியைக் கேட்டிருந்தால் அந்தப் பெண் வேலையை விட்டே போயிருப்பாள்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போனாள். சின்னச் சாமியார் ஃபாதர் ஆன்டனி குருத்தோலைக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். முப்பது வயசு இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“என்ன மாடல் டீச்சர்? ராம் எத்தன ஜிபி?”

“ஃபாதர், நான் நேர்ச்சையைப் பத்திக் கேக்கேன்.”

“ஆமா, ஆமா. நீங்க நேர்ந்தது பெட்டியவா, விளையாட்டவா?”

“பெட்டின்னுதான் சொன்னேன்.”

“சொன்னது சரி. மனசுல எத நெனச்சீங்க? விளையாட்டத்தான்னா, பெட்டியில பரீட்சை எழுதுறதுல ஒரு தடையும் இல்ல. பெட்டியவேதான்னா, வேற ஒறுத்தலா மாத்திக்கிடலாம். எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

ஒரே ஒரு வார்த்தைதான். ‘என் தோட்டம் ஃபாதர்’ என்றால் முடிந்தது. ஆனால் போன ஞாயிறுதான் இதே சாமியார் முன்னால், போனில் கேம் ஆடிய மூன்று பிள்ளைகளை அவள் நிற்கவைத்திருந்தாள். அவர்களில் ஒருத்தி அழுததும் அவள் விடவில்லை. “யோசிச்சுச் சொல்லுதேன் ஃபாதர்” என்று சொல்லிவிட்டு லேஞ்சிக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு அவள்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம். யோசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

ஞாயிறு சாயங்காலம் இனிகோ கூப்பிட்டான். குரல் விட்டுவிட்டுக் கேட்டது. கடலில் இருப்பவனிடம் அவன் உயிருக்காக நேர்ந்திருப்பதைச் சொல்லக் கூடாது என்பது மெட்டில்டாவின் அம்மா வீட்டு வழக்கம். அதனால் அதைச் சொல்லாமல், “ஏங்க, அந்தப் பெட்டி கேமா கம்ப்யூட்டரா? ஒண்ணு சொல்லுங்க” என்றாள்.

“ரெண்டும்தான் மெட்டி.”

“ரெண்டும்னு சொல்லாதீய! கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு.”

“சரி, அத விடு. இன்னும் ரெண்டு மூணு நாள்ல செங்கடல விட்டு வெளிய வந்துருவோம். மெட்டி, நீ ஏன் இப்பல்லாம் மத்தியானம்...”

பக்கத்தில் இரண்டு பிள்ளைகளும் போனில் காதை வைத்துக்கொண்டிருந்தார்கள். “அதையெல்லாம் இப்பப் பேசாதீய!” என்று அவள் அவசரமாக வெட்டினாள். அதற்குள் லைனும் போய்விட்டது.

திங்கட்கிழமை டயானாவின் கண்கள் வீங்கியிருந்தன. “எம்மா, பெட்டியத் தாங்கம்மா. இன்னைக்கே போட்டுப் பாத்தாத்தான் ஓடுதான்னு தெரியும்.”

ஜெனோ குறுக்கே வந்தான். அவனுக்கு இப்போது வேறு கவலை. “ஏளா, என் கணக்குல கேம் மட்டுந்தான் வரும். அப்பா கணக்குலதான் கம்ப்யூட்டர் பக்கம் தொறக்கும். அதுக்கு நம்பர் தெரியாது.”

“அஞ்சு வாரமா கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்னு அம்மாட்ட சண்ட போட்டியே?”

“சண்டைக்குச் சொன்னேன்.”

அப்பாவுக்கு எண் கேட்டு மெசேஜ் அனுப்பினார்கள். ஒற்றை டிக்கோடு நின்றது. அந்த நாலு இலக்கமும் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மெட்டில்டாவின் தலைக்குள் இருந்தன. சொல்லலாம். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். துணியைப் பிரிக்கலாம். பிரித்தால், கப்பல் இன்னும் செங்கடலுக்குள் கிடக்கிறது. “காலையில பூசைக்குப் போய்ட்டு வந்து சொல்லுதேன்” என்றாள். டயானா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால்கூட மெட்டில்டாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை பூசையில் அவள் மாதாவை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்தாள். டயானா தலைவாரி, கம்பெனிக்காரன் கேமராவில் பார்ப்பானே என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வெறும் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரே இல்லை, பிள்ளை பரீட்சைக்கு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் மெட்டில்டா நேரே தையல் பெட்டிக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து ஊதாத் துணியைச் சரசரவென்று வெட்டினாள். வருகிற பாவம் என் தலையோடு போகட்டும், அவர் மேல் வரக் கூடாது என்று மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

ஜெனோ பெட்டியையும் டிவியையும் டயானாவின் அறைக்குத் தூக்கிப்போய், கீபோர்டும் கேமராவும் சேர்த்து மாட்டினான். பொத்தானை அமுக்கினான். பெட்டி உயிர்த்தது. உயிர்த்ததும், நாற்பத்தொரு நாளாக என்னை யாரும் கவனிக்கவில்லை என்கிற மாதிரி, ‘அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்’ என்றது. மூன்று சதவீதம். எட்டு மணிக்குப் பதினொன்று. எட்டரைக்கு இருபத்தாறு. இட்லியை யாரும் தொடவில்லை. தொண்ணூற்றொன்பதில் வந்து பத்து நிமிஷம் அப்படியே நின்றது. கையில் தூக்கிச் சுவரில் எறியலாமா என்று மெட்டில்டாவுக்கு வந்தது. நூறாகும்போது மணி ஒன்பது நாற்பது.

பிறகு அப்பாவின் கணக்கு நாலு கட்டத்தைக் காட்டி எண்ணைக் கேட்டது. ஜெனோ அப்பாவின் பிறந்தநாளைப் போட்டான். இல்லை. அம்மாவின் பிறந்தநாள். இல்லை. கல்யாண நாள். இல்லை. ஆகஸ்ட் ஐந்து, மாதா திருவிழா. அதுவும் இல்லை. ‘இன்னும் ஒருமுறை தவறினால் ஒரு மணி நேரம் பூட்டப்படும்’ என்று எழுதி வந்தது. மணி ஒன்பது ஐம்பத்து மூன்று. பத்தே காலுக்கு மேல் போனால் பரீட்சைக்குள் விடமாட்டார்கள்.

“போச்சு. எல்லாம் போச்சு” என்று டயானா முகத்தை மூடிக்கொண்டாள்.

மெட்டில்டா தொண்டையைச் செருமினாள். “ஏலே, ஒண்ணு ஒன்பது பூஜ்யம் ஆறு போட்டுப் பாரு.”

“அது என்னது?”

“சும்மா ஒரு இதுதான். அப்பா ஜூன் பத்தொன்பதுதானே கப்பல விட்டு எறங்குதாவ.”

“எம்மா, இது கடைசிச் சான்ஸ். நீங்க சும்மா ஒரு இதுன்னு சொல்லுதீய!”

“போடுலேன்னா போடு!”

போட்டான். திறந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் “அம்மா!” என்று கூவினார்கள். அவள் பெருமூச்சு விட்டு, நெற்றியில் சிலுவை போட்டு, எப்படியோ தப்பித்தோம் என்று நினைத்த அதே வினாடி, பெட்டி தன் வழக்கப்படி கடைசியாக எதில் விட்டதோ அதிலேயே போய் நின்றது. நாற்பத்து மூன்று அங்குலத் திரை முழுக்கத் தோட்டம்.

கோழிகள் ஓடின. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் பெயர். ஜெயஷீலா. ஜெயபிரியா. ஷெர்லின்.

டயானா கையை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். “கோழிக்கு ஷெர்லின் அக்கா பேர அப்பாவா வெச்சாவ?”

மெட்டில்டாவுக்கு அந்தக் கேள்வி காதில் விழவே இல்லை. அவள் கோழிகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு நாள் தீனி வைக்காத கோழிகள். ஓடிப்போயிருக்க வேண்டும். ஆறும் இருந்தன. பாத்திகள் காய்ந்து களை மண்டியிருக்க வேண்டும். மண் ஈரமாக இருந்தது. அவள் விட்டுப்போன கத்திரிச் செடிகளில் காய்கள் நிறையக் காய்த்து முற்றித் தொங்கின. வேலி ஓரத்தில் ஒரு மரப்பலகை நின்றது. அதை அவள் நடவில்லை. ஜெனோதான் வாய்விட்டு வாசித்தான்.

“மெட்டி, உடம்பு சரியில்லையா? எம்மேல கோவமா? ஏன் வரல? நான் தண்ணி ஊத்திட்டிருக்கேன். இனிகோ.”

ஜெனோதான் முதலில் புரிந்துகொண்டான். “அப்பா கப்பல்ல லேப்டாப்புலயும் இதே கணக்குதான் வெச்சிருக்காவ. தோட்டம் பெட்டிக்குள்ள இல்லம்மா. அங்கன தொறந்தாலும் இதே தோட்டந்தான், இங்கன தொறந்தாலும் இதே தோட்டந்தான்.” அம்மாவின் பக்கம் திரும்பி, “அப்ப நீங்கதானா...” என்றான்.

“ஆமா, நாந்தான்!” மெட்டில்டா கத்தினாள். “நாந்தான் ஆடுனேன்! தெனமும் ரெண்டு மணி நேரம்! இப்ப மணி என்ன? பத்து மூணு! என் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கீய ரெண்டு பேரும்! தள்ளுல!”

பொத்தான் பலகையை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். ஜெனோவுக்குக் கம்ப்யூட்டர் பக்கம் எப்படிப் போவது என்று தெரியாது; அந்தக் கணக்குக்குள் அவன் வந்ததே இல்லை. அவளுக்குத் தெரியும். இரண்டு கட்டைவிரல்களும் தாமாக ஓடின. சேமித்தாள், வெளியேறினாள், பட்டியலில் மூன்று வரி இறங்கினாள், ‘கம்ப்யூட்டராகத் திற’ என்பதை அமுக்கினாள். யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் செய்ய எத்தனை நாள் பழகியிருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் இரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோட்டம் மறைந்து, எந்த ஆபீசிலும் இருக்கிற மாதிரி ஒரு நீலத் திரை வந்தது. டயானா கீபோர்டை இழுத்துக்கொண்டாள். பரீட்சை மென்பொருள் கேமராவைப் பார்த்தது, மைக்கைப் பார்த்தது, பெட்டியைப் பார்த்தது, கம்ப்யூட்டர்தான் என்று ஒத்துக்கொண்டது. பத்து பன்னிரண்டுக்கு உள்ளே போனாள்.

கதவைச் சாத்திவிட்டு மெட்டில்டா வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஜெனோ எதிரே நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு வரப்பார்த்து வரப்பார்த்து அடங்கியது.

“சிரிக்கணும்னா சிரிச்சிரு” என்றாள்.

“அஞ்சு வாரம் எனக்கு மட்டும் தண்டனைன்னு நெனச்சேன்மா.”

“எனக்குந்தான்ல. உனக்காவது சண்ட போட முடிஞ்சுது.”

அவன் அதற்கு மேல் சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய், ஆறிப்போன இட்லியை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். சாப்பிட முடியவில்லை. வெட்கமாக இருந்தது, தன்மேல் கோபமாக இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே சந்தோஷமாகவும் இருந்தது. செங்கடலுக்குள் கிடந்துகொண்டு, தலைக்கு மேல் என்ன வந்து விழுமோ என்கிற நேரத்தில், அந்த மனுஷன் கோழிக்குத் தீனி வைத்திருக்கிறான். அவனுக்காக அவள் தோட்டத்தை விட்டாள். அவள் விட்டதை நினைத்து அவன் நாற்பத்தொரு நாள் கிடந்து தவித்திருக்கிறான். கேட்கவும் முடியாமல் அவனிடம் சத்தியம் வாங்கியதும் அவள்தான்.

“மாதாவே” என்று அவள் வாய்விட்டே சொன்னாள். மகன் கேட்டுக்கொண்டிருந்தான், கேட்கட்டும். “நான் நேர்ந்தது பெட்டிய இல்ல. என் தோட்டத்தத்தான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். பாஸ்கா வரைக்கும் அதத் தொடமாட்டேன். அவுகளக் கரை சேத்துரும்மா.”

பரீட்சை முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது போன் அதிர்ந்தது. இனிகோ. ‘செங்கடல் தாண்டியாச்சு. எல்லாரும் சுகம். நம்பர் 1906. எதுக்குக் கேட்டீங்க?’ அவள் அதை மூன்று தடவை வாசித்தாள். போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஜெனோ பார்க்கிறானே என்றுகூட இல்லாமல், அழுதாள்.

பன்னிரண்டே காலுக்குக் கதவு திறந்தது. டயானா சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு வந்தாள். “எல்லாக் கேள்வியும் போட்டுட்டேன்மா. ரெண்டுல மட்டும் சந்தேகம். வரைபடத்துல அப்பா சொல்லிக்கொடுத்ததே வந்துச்சு.” பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த போனைப் பார்த்தாள், குனிந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். “அப்பாவுக்குப் பதில் சொல்லலையா?”

மெட்டில்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மைக் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில்தான் நின்றார்கள்.

“ஏங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கோவமும் இல்ல. ஒரு நேர்ச்சை, அதான் வரல. பாஸ்கா வரைக்கும் வரவும் மாட்டேன். அதுவரைக்கும் நீங்கதான் பாத்துக்கிடணும், கேட்டீயளா? தெனமும் தண்ணி ஊத்துங்க. ஷெர்லினுக்கு ஒரு பிடி தீனி கூடப் போடுங்க.” அவள் குரல் உடைந்தது, உடனே கோபம் வந்து அதைத் தூக்கி நிறுத்தியது. “எல்லாம் சரி, இருவது வருஷம் எங்கூடக் குடும்பம் நடத்திருக்கீய, கத்திரிக்காய இப்படியா பறிக்காம முத்த விடுவாவ?”